சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை

குதிரைத் தீவன மூட்டைகளையும் உப்புக் கட்டிகளையும் கடந்து சென்றால், ஸ்டான் பிலெக்கியின் கடையினுடைய பின்கட்டில் துப்பாக்கிகள் சுவரோடு சுவராக நின்றன. கர்ட்டிஸ் ஹாஃபர் அந்தப் பின்கட்டில் கால் வைத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பத்து மூன்று வயது மனிதன் வாசலிலேயே நின்று, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான். தட்டுவதற்குப் பனி இல்லாமற்போன பிறகும் சிறிது நேரம் தட்டினான். அதன் பின்னரே உள்ளே நுழைந்தான்.

"வா தம்பி," என்றார் ஸ்டான். "அப்பா எப்படி இருக்காரு?"

"மூக்குல குழாயோட இருக்காருண்ணே. என்னைத் திட்டுறதுக்கு மட்டும் மூச்சு குறையல."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு."

இருவரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வசந்தம் வரை தாங்குவார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என மருத்துவர் கூறியிருந்தது அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கர்ட்டிஸ் செய்த குற்றமும் அவ்வாறே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். மாத்திரைப் பழக்கம் அவனைப் பிடித்தாட்டிய நாள்களில், மலைமேல் பூட்டிக் கிடந்த பிறருடைய வேட்டைக் குடில்களை உடைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் விற்றுத் தின்றான். நான்காண்டுகள் சிறையில் இருந்தான். சிறை முடிந்தது, ஆனால் ஆயுள் உள்ளளவும் துப்பாக்கியைத் தொடலாகாது என்னும் தடை முடியவில்லை. அவன் வீடு திரும்புவதற்கு முதல் நாள், அவனுடைய தந்தை மெர்வின் தம்முடைய ஐந்து துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். துப்பாக்கி இருக்கும் கூரையின் கீழ் மகன் இருத்தல் கூடாது என்றால், துப்பாக்கி போகட்டும் என்று தீர்மானித்தவர் அவர். அதன் பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நவம்பரில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னார்.

"டேய், சிக்கிமுக்கித் துப்பாக்கி இருக்குல்ல, குழல் வாயில வெடிமருந்தக் கொட்டிக் கெட்டிக்கிறது. சட்டப்படி அது துப்பாக்கியே இல்லடா. அந்தக் காலத்துச் சாமான். நீ வச்சுக்கலாம். கிறிஸ்துமஸ் மறுநாள் அதுக்கு வேட்டைப் பருவம் தொடங்குது. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ சுடு. ஒரே ஒரு மான் போதும்."

இந்தச் சொல்லைக் கர்ட்டிஸ் முன்பே கேட்டிருந்தான். முடி வெட்டுபவர் சொன்னார். தேவாலயத்துக் காலை உணவின்போது அப்பத்தைப் புரட்டிக்கொண்டே இருவர் சொன்னார்கள். சிறையிலும்கூட ஒருவன் சொன்னான். சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை. எல்லோரும் சொல்லும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் வகையில் மூன்றை ஸ்டான் மேசைமேல் எடுத்து வைத்தார்.

"இதான் இருக்கறதுலயே மலிவு. புதுசு. கட்டையெல்லாம் பிளாஸ்டிக். பின்னாடி திருகைக் கழட்டினா நல்ல தண்ணியில கழுவிடலாம். மழையில நனைஞ்சாலும் வெடிக்கும்."

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் எடுத்துட்டுப் போகலாமா?"

"போகக் கூடாது. அந்தப் பருவம் கல்லுக்கு மட்டுந்தான். இதுக்கு அக்டோபர்ல ஒரு வாரம். அது போயிடுச்சு." இரண்டாவதன்மேல் விரலை வைத்தார். "இது கல்லுக்குப் பதிலா சின்னச் செப்புத் தொப்பி வச்சு வெடிக்கிறது. பார்க்கப் பழசு மாதிரி இருக்கும். இதுவும் ஆகாது. ஏமாந்து வாங்கிட்டுப் போய் வருஷத்துக்கு ரெண்டு பேரு என்னை வந்து திட்டுறான்."

மூன்றாவது நீளமாக, சற்றே அழகற்றதாக இருந்தது. அடிக்கட்டையில் மெருகு பாதியோடு நின்றுபோயிருந்தது.

"இது நம்ம பழைய தபால்காரர் வீட்டுலயே உக்காந்து செஞ்சது. தபால்காரர் செஞ்சதுனால கொஞ்சம் தாமதமாத்தான் வெடிக்கும்."

கர்ட்டிஸ் அதைக் கையில் எடுத்தான். சிறிய விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பார்த்தான், துரு இல்லை. கல்லைப் பின்னுக்கு இழுத்து விட்டான். எஃகுத் தகட்டின்மேல் கல் உராய, பொறிகள் கொத்தாக, பற்றவைக்கும் மருந்து போடும் சிறு கிண்ணத்தில் விழுந்தன. கிண்ணத்தில் எரியும் தீ உள்ளே செல்வதற்காகக் குழலின் பக்கத்தில் இருந்த ஊசித் துளையைக் கம்பியால் தொட்டுப் பார்த்தான். கம்பி தடையின்றி உள்ளே போயிற்று. தோளில் வைத்தான். அவனுக்கென்றே வெட்டிய கட்டையைப் போல அது கன்னத்தோடு பொருந்தியது.

"இருநூத்தி எண்பது டாலர். குண்டும் அதைச் சுத்துற துணியும் என் செலவு," என்றார் ஸ்டான். "ஆனா ஒண்ணு. ஒரு தடவை இதுல மருந்து எரிஞ்சிடுச்சுன்னா நான் திரும்ப எடுக்க மாட்டேன். கடைப் பழக்கம் அது."

விசையால் அம்பு எய்யும் குறுக்குவில் ஒன்று வாங்கலாமா என்று கோடையிலிருந்து அவன் சேர்த்து வைத்திருந்தது ஏறத்தாழ அவ்வளவுதான்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்து எதுக்கு? சட்டப்படி அது துப்பாக்கியே இல்ல."

அன்று மாலை வீட்டில் மெர்வின் அதை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார். "தபால்காரன் கை நல்ல கை," என்றார். பிறகு, "நல்லதாத் தேர்ந்தெடுத்திருக்க," என்றார். அந்தக் குரலில் அவர் இதற்கு முன் எப்போது தன்னைப் பாராட்டினார் என்று கர்ட்டிஸுக்கு நினைவு எட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள்கள் இருக்கையில், குறி பார்த்துப் பழகுவதற்காகக் கைவிடப்பட்ட சரளைக் குழிக்குப் போனான். மூன்று முறை சுட்டான். இரண்டு, மறுகரையில் குறியாக வைத்த காகிதத் தட்டில் பட்டன. நான்காவதற்கு மருந்தை அளக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. பச்சை நிற வண்டியிலிருந்து வேட்டைக் காவலர் ஜோலீன் கிரேபில் இறங்கினாள். பள்ளியில் அவனுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள்.

"கர்ட்டிஸ், கீழ வை. மெதுவா. ரெண்டடி பின்னால போ."

வைத்தான், போனான். "சிக்கிமுக்கிதான், ஜோலீன்."

"கண்ணு தெரியுது எனக்கு. யார் சொல்லி வாங்கின?"

"எல்லாரும் சொன்னாங்க. சட்டப்படி அது..."

"துப்பாக்கியே இல்ல. தெரியும். அது வாஷிங்டன்ல நாடு முழுக்கப் போட்ட சட்டம். நம்ம பென்சில்வேனியாச் சட்டத்துல அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. அந்த வரிய ஒருத்தனும் படிக்கறதில்ல. பூட்டு உடைச்சு உள்ள போனவங்களுக்கு, பழசோ புதுசோ, வெடிக்கிற நிலையில இருந்தா அது துப்பாக்கிதான்."

குழியின் மறுகரையில் காகிதத் தட்டு காற்றில் ஆடிற்று.

"வெடிக்காத நிலையில இருந்தா?"

"இருந்தா அது வெறும் கட்டை. கட்டைய வச்சுக்க யாரும் தடுக்கல."

"அப்பா கையில கொடுத்துட்டு நான் பக்கத்துல உக்காந்தா?"

"அவரால தூக்க முடியுமா?"

கர்ட்டிஸ் தரையில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"தூக்க முடியாதவர் மடியில இருந்தா அது யாரோடதுன்னு கேப்பாங்க, கர்ட்டிஸ். குறுக்குவில்லு வாங்கிக்கோ. அதுக்கு உனக்குத் தடையே இல்ல."

"தெரியும்," என்றான் அவன்.

அவள் தன் கையுறைகளைக் கழற்றினாள், மீண்டும் மாட்டிக்கொண்டாள். "இன்னைக்கு நான் இந்தப் பக்கம் வரல. இதுக்கு மேல என்னால முடியாது. காட்டுல பார்த்தேன்னா கேஸ் எழுதித்தான் ஆகணும். நீ திரும்ப உள்ள போவ. அப்புறம் அவரை யாரு பாத்துப்பா?"

இலவசச் சட்ட உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசினான். அங்கிருந்த பெண் அந்த வரியை நிதானமாகப் படித்துக் காட்டினாள், ஜோலீன் சொன்னதேதான். ஸ்டானின் கடைக்குப் போகவில்லை. மருந்து எரிந்துவிட்டது, போய்ப் பயனில்லை.

மறுநாள், தான் வேலை செய்யும் லாரிப் பட்டறையில், உணவு இடைவேளையின்போது, குழலை வெந்நீரால் கழுவி உலர்த்தி, உள்ளே மருந்து இல்லை என்பதை இரு முறை பார்த்துக்கொண்டான். பின்னர் அந்த ஊசித் துளையின்மேல் பற்றவைப்புக் கோலை வைத்தான். இரண்டு நொடி வேலை. உருகிய இரும்பு துளைக்குள் இறங்கி, அதை என்றைக்குமாக அடைத்துவிட்டது. மேடாக நின்ற சொட்டை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, எண்ணெயும் கரியும் பூசினான். உற்றுப் பார்ப்பவருக்கன்றி வேறெவருக்கும் அது தெரியாது.

தந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அன்று மாலை வீட்டுக்குப் போனான். மெர்வின் சமையலறை மேசையில், உடைந்த கிதார்த் தந்தியொன்றை மான்கொம்புத் துண்டில் செருகிக்கொண்டிருந்தார்.

"துளை குத்துற கம்பி," என்றார். "வெடிக்கலேன்னா துளையைக் குத்தி விடணும். கடையில விக்கிறது வளைஞ்சுக்கும். துப்பாக்கி எங்க?"

"வண்டியில. குளிர்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வீட்டுக்குள்ள கொண்டாந்தா இரும்பு வேர்த்துடும்."

"பரவாயில்லையே. இதெல்லாம் ஞாபகம் வச்சிருக்க."

கர்ட்டிஸ் அடுப்பில் சூப்பைச் சூடாக்கினான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, மரம் வெட்டுவோர் போட்ட பழைய பாதையில் போகக்கூடிய தூரம் வரை வண்டியைக் கொண்டு போனான். அங்கிருந்து ஹெம்லாக் மரத்தடியில் விழுந்து கிடந்த கட்டை அறுபது அடி தூரம். அந்த அறுபது அடியை மெர்வின் ஏழு இடங்களில் நின்று நின்று கடந்தார். கர்ட்டிஸ் ஒரு தோளில் ஆக்சிஜன் உருளையையும் மறு தோளில் துப்பாக்கியையும் சுமந்தான். குழலில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. கிண்ணத்துக்கு வேண்டிய துளி மருந்து மட்டும் சட்டைப்பையில் இருந்தது.

"நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காரு," என்றார் மெர்வின். "உன் பொறி இந்தக் குழாயில பட்டா மானுக்குப் பதிலா நான் வெந்துடுவேன். என்னைத் தின்ன முடியாது, வெறும் நரம்பு."

எட்டடி தள்ளி அமர்ந்தான். பனி விழவில்லை, காற்றும் அடங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் சென்றது. மான் வராமல் இருக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் வேண்டிக்கொண்டிருந்தான். மான் வராத நாள் வேட்டைக்காரனுக்குக் குறையாகாது. வீட்டுக்குப் போய், "ஒண்ணுகூட வரல," என்று சொல்லிக்கொள்ளலாம்.

பத்து மணிக்குப் பெண் மான் ஒன்று வந்தது. முப்பது தப்படி தூரத்தில், பக்கவாட்டில் நின்று, பனிக்கடியிலிருந்த எதையோ மூக்கால் கிளறியது. பதினோராண்டுகளில் அவ்வளவு எளிய குறி அவன் கண்ணெதிரே நின்றதில்லை.

மெர்வின் மானைப் பார்த்தார். பிறகு, ஒலி எழாதவாறு கையைக் கொண்டுபோய், உருளையின் திருகை மூடினார். சீறிக்கொண்டிருந்த காற்று நின்றது. மூக்குக் குழாயைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவருடைய உதடுகள் நீலமாகத் தொடங்கின.

கர்ட்டிஸ் துப்பாக்கியை உயர்த்தினான். வேறு வழி எதுவும் இல்லை. காலத்தை நீட்டினால் அவருக்கு மூச்சு இல்லை. கல்லை இழுத்து, மானின் முன்னங்காலுக்குப் பின்னே குறியை நிறுத்தி, விசையை அழுத்தினான். கல் உராய்ந்தது, பொறி விழுந்தது, கிண்ணத்து மருந்து புஸ்ஸென்று எரிந்து வெண்புகையாக மேலே போயிற்று. அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கி, அந்தப் புகையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஓடாமலேயே நடந்து மரங்களுக்குள் மறைந்தது.

அவன் ஓடிவந்து குழாயை அவர் மூக்கில் மாட்டித் திருகைத் திறந்தான். அவர் உதடுகளில் நிறம் திரும்பும் வரை திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஈரம்," என்றார் மெர்வின். "கல்லுத் துப்பாக்கின்னா அப்படித்தான். எங்கப்பாவுக்கு மூணு வருஷம் வெறும் புகைதான். துளையைக் குத்தி விடு." மான்கொம்புப் பிடி போட்ட கம்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

கர்ட்டிஸ் அதை வாங்கிக்கொண்டு, உடம்பால் மறைத்து, குத்துவது போல இரண்டு முறை கையை அசைத்தான்.

"அது குத்துற லட்சணமா? கொண்டா இங்க."

"நான் பார்த்துக்கறேன்பா."

"கொண்டாடா."

கொடுத்தான். மெர்வின் துப்பாக்கியை முழங்கால்களின்மேல் கிடத்தி, கம்பியின் முனையைத் துளை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினார். கம்பி இரும்பின்மேல் வழுக்கியது. மீண்டும் வைத்தார், மீண்டும் வழுக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலின் நுனியால் அந்த இடத்தை மெல்லத் தடவினார். விரலில் கரி ஒட்டியது. அந்தக் கரியை நெடுநேரம் பார்த்தார். உருளையிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"ஜோலீன். இந்த மாநிலச் சட்டத்துல இன்னொரு வரி இருக்காம்பா."

"சிறைன்னு சொன்னாளா?"

"சொன்னா."

அவர் கரியைக் காற்சட்டையில் துடைத்தார். கம்பியைப் பழையபடி சட்டைப்பையிலேயே பத்திரமாகச் செருகினார். துப்பாக்கியை மகனிடம் நீட்டினார்.

"தபால்காரன் துளையைச் சின்னதாப் போட்டுட்டான்," என்றார். "கிண்ணத்துல மருந்து போடு. இன்னொண்ணு வரும்."

"வந்து என்னப்பா?"

மான் போன திசையிலிருந்து இலேசாகக் காற்று கிளம்பியது. கர்ட்டிஸ் கிண்ணத்தைத் திறந்து துளி மருந்தைக் கொட்டும்போது, அது பறந்துவிடாதபடி, எட்டடிக் கணக்கையெல்லாம் மறந்து, கிழவர் தம் தொப்பியைக் கழற்றி அதன்மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார்.