ஒரு மீட்டர் அறுபத்திரண்டு

நகராட்சியில் அவளுக்குப் ‘பிளவு மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலவியலாளர் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான்கு வருடம் முன்பு, அக்கா குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஆழப் பள்ளம் வெட்டிப் பார்த்தவள் அவள்தான். பள்ளத்தின் சுவரில் மண் அடுக்குகள் கத்தியால் அறுத்த மாதிரி துண்டாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன. நிலம் முன்பும் இங்கே நகர்ந்திருக்கிறது, இன்னும் நகரும். அந்தப் பிளவுக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அறிக்கை கொடுத்தாள்.

நகராட்சிப் பொறியாளர் நல்ல மனிதர்தான். “தேதி சொல்லுங்க மேடம், காலி பண்ண வைக்கிறேன்” என்றார்.

“நாளைக்கும் வரலாம், நூறு வருஷம் கழிச்சும் வரலாம் சார்.”

“இதை நான் எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?”

அத்தானிடமும் சொன்னாள். போகும்போதெல்லாம் சொன்னாள். “மச்சினி வந்தாச்சு, எல்லாரும் கட்டிலுக்கு அடியில போங்க” என்று அவர் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரித்துவிட்டு, அடுப்படியில் தனியாக, “மாறிடலாம்னு எனக்கும் ஆசைதான். இவர் அசையணுமே” என்பாள். இப்படியே இரண்டு வருடம். ஒருநாள் அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நிலம் நகர்ந்தது. அரை நிமிடம்கூட இல்லை. அக்கா தையல்கடைக்குப் போயிருந்தாள். அத்தான் காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தார்.

ஒன்பதாம் நாள், இடிபாடுகளை அள்ளுவதற்குள் நிலம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துவிட வேண்டுமென்று டேப்போடு வந்தாள். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. அத்தானை எடுத்த அன்றும் அப்படித்தான். யாரோ சொல்ல உட்கார்ந்தாள், யாரோ சொல்ல எழுந்தாள். தெருவின் மதில் சுவர் ஓரிடத்தில் அறுந்து, மீதிச் சுவர் தள்ளிப்போய் நின்றது. கூட வந்த உதவியாளர் தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போயிருந்தார். நிவாரண முகாமிலிருந்து அக்கா நடந்து வந்தாள்.

“இந்த முனையப் பிடிக்கணுமா?”

“நீ எதுக்குக்கா...”

“குடு.”

அக்கா பிடித்துக்கொள்ள, இவள் டேப்பை இழுத்துப் படித்தாள்.

“எவ்வளவு?”

“ஒரு மீட்டர் அறுபத்திரண்டு.”

“அவ்வளவுதானா? என் உயரம்தான் இருக்கும்.”

இவள் குறித்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷம் விடாம சொன்னியே. அப்புறம் ஏன்டி விட்டுட்டே?”

அக்கா கோபமாகக் கேட்கவில்லை. உப்பு போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டாள். பதில் இருந்தது. அத்தான் முகம் கொடுத்துப் பேச வேண்டும், வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதை இந்தச் சுவருக்கு முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

“வாய் வலிச்சுதுக்கா.”

அக்கா தலையாட்டினாள்.

அந்நேரம் பொறியாளரிடமிருந்து ஃபோன். கோடு இதற்கு மேல் எங்கே போகிறது என்று கேட்டார். குரல் உள்ளே போயிருந்தது. ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம், அதையொட்டி நாற்பது வீடுகள் என்றாள். சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுவதாகச் சொன்னார். அன்றே செய்தும்விட்டார். பேசி முடித்ததும், ஏதாவது நிம்மதி வருமென்று ஃபோனைக் கையில் வைத்தபடி கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

உதவியாளர் தண்ணீரோடு திரும்பினார். அக்கா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “இன்னும் எத்தனை சுவர்?” என்றாள்.

“ஆறு.”