கசியும் வாயில்

நோன்பு மாதம் இருபத்தோராம் நாள். காலை ஆறரைக்கு என் தம்பி ஷிஹேபின் கால்கள் அசையவில்லை. ஏழு மணிக்குக் கைகளும் நின்றுவிட்டன.

"மூட்டை தூக்கப் பயந்து நடிக்கிறான்," என்றார் முன்ஜி சித்தப்பா. துனிசியாவின் கைரவான் நகரத் தானியச் சந்தையில் அவனுக்கு வேலை கொடுத்தவர். "எழுந்திருடா மகாராஜா!"

இது மூன்றாவது முறை. முதல் இரண்டையும் என் உயிரியல் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பகலெல்லாம் மூட்டை, நோன்பு திறந்ததும் தட்டு நிறைய தேனில் ஊறிய மக்ரூத் இனிப்பு, உறக்கம், விடிந்தால் முடக்கம்.

மருத்துவமனையில் டாக்டர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நோன்பு மயக்கம். குளுக்கோஸ் ஏத்துங்க."

போன வாரம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. நரம்பின் மின்சைகையைத் தசைக்குள் உணர்வது, செல்லின் சுவரில் கதவு போல இருக்கும் ஒரு கால்சியம் வாயில். அதற்கான மரபணுவில் பிழை இருந்தால் வாயில் கசியும். இனிப்பு மிகுந்தால் இரத்தத்துப் பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடும். தசை சைகைக்கு அசையாது. ஆனால் தேர்வில் சோடியம் வாயிலையும் கால்சியம் வாயிலையும் மாற்றி வரைந்தவள் நான். வாயைத் திறக்கப் பயந்தேன். பாட்டில் சொட்டத் தொடங்கியது.

"அக்கா, மூச்சு கனமா இருக்கு," என்றான் ஷிஹேப்.

குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினேன். "சர்க்கரை வேண்டாம் டாக்டர். மாலை வகுப்புல படிச்சிருக்கேன். பொட்டாசியம் பாருங்க."

"ஓ, மாலை வகுப்பு டாக்டரம்மாவா? கையை எடு!"

"பார்க்காம எடுக்க மாட்டேன். நீங்க வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க!"

திட்டிக்கொண்டே இரத்தம் எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் ஒன்று புள்ளி எட்டு. இருக்க வேண்டியதில் பாதி. குளுக்கோஸ் போய்ப் பொட்டாசியம் பாட்டில் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

நண்பகல் தொழுகை நேரத்தில் ஷிஹேப் விரல்களை மடக்கினான். அப்போது சித்தப்பா ஒரு பெட்டி மக்ரூதோடு வந்தார். "தெம்பு வேணுமே பிள்ளைக்கு."

"சாயங்காலம் நீங்களே தின்னுங்க! இதாலதான் அவன் விழுந்தான். இது குடும்பத்துல வர்றது. நம்ம வீட்ல வேற யாருக்கோ இருக்கணும்."

பெட்டியைப் பார்த்தபடி நின்றார். "எனக்கும் இருந்துச்சு. பெருநாளுக்கு மறுநாள் கட்டையாக் கிடப்பேன். எங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு. முப்பத்தஞ்சுக்கு மேல தானா நின்னுபோச்சு."

"தெரிஞ்சுமா அவனை நடிக்கிறான்னு சொன்னீங்க?"

"என்னையும் அப்படித்தானேம்மா சொன்னாங்க."

அவர் கண்கள் கலங்கின. எனக்கு இரக்கம் வரவில்லை. நோட்டைத் திறந்து ஷிஹேபின் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதினேன்.

"எந்த வயசுல ஆரம்பிச்சது? இப்பவாவது சொல்லுங்க," என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.