சர்மிளாவுக்கு விழுந்த அரைப்பேர்

குதிரை லத்தி நாறும் என்று மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டால் நாகலெட்சுமிக்குச் சிரிப்புத்தான் வரும். புல்லும் தவிடும் தின்கிற பிராணியின் லத்தி அப்படி என்ன நாறிவிடப் போகிறது? அவளுக்குக் குமட்டல் எடுப்பதெல்லாம் சில மனிதர்களின் பக்கத்தில் நிற்கும்போதுதான். அதிலும் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்து நின்று, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்கிற கஜேந்திரன் முதலாளியின் பக்கத்தில்.

நுவரெலியா பஜாரில் மூன்று தலைமுறையாகப் பலசரக்குக் கடை நடத்தும் குடும்பம் அவனுடையது. ஊருக்கு வெளியே சும்மா கிடந்த உருளைக்கிழங்கு ஸ்டோர் ஒன்றை வாங்கிப் பன்னிரண்டு கொட்டில் அடித்துக் குதிரைப்பட்டி ஆக்கியிருந்தான். குதிரை ஒன்றுகூட அவனுடையது இல்லை. எல்லாம் கொழும்புக்காரர்களுடையவை. அவர்கள் ஏப்ரல் சீசனுக்கு வந்து சவாரி போவார்கள். மற்ற நாட்களில் தீனி, தண்ணீர், கொட்டில் சுத்தம், குளம்பு சுரண்டுவது, குளிருக்குக் கம்பளி போர்த்துவது என்று எல்லாவற்றுக்கும் மாதாமாதம் இவனுக்குப் பணம் வரும். வேலையைச் செய்வது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வரும் நான்கு பெண்கள்.

"தோட்டத்துப் பொம்பளைங்கதான் நமக்குச் சரி. வேல தெரியும், வாய் தெரியாது" என்று அவன் போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்ததை நாகலெட்சுமி தன் காதால் கேட்டிருக்கிறாள்.

அந்த நான்கு பேரையும் மேற்பார்க்கும் கங்காணியாக நாகலெட்சுமியை ஆக்கினான். ஆள் பேர் பதிகிற செக்ரோல் கொப்பி ஒன்றைக் கையில் கொடுத்து, "தோட்டத்துல எப்பிடியோ அப்பிடியே போடுங்கக்கா" என்றான். தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். இங்கே கிலோவுக்குப் பதில் கொட்டில். ஆளுக்கு மூன்று கொட்டில் அள்ளிக் கழுவி மரத்தூள் பரப்பினால் முழுப்பேர். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் நாகலெட்சுமி. மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிய நாளிலும் பேர் போடுகிற தோட்டத்து அதிகாரி, கண்டாக்கு, அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார். அப்படிப்பட்டவள் கையிலேயே கொப்பி வந்தபோது, உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் கொழும்புச் சீமாட்டி பிரியந்தி நோனாவின் குதிரை டாலி படுத்துப் புரள ஆரம்பித்தது. செம்பட்டை நிறத்துப் பெண்குதிரை. வயிற்றை உதைத்துக்கொண்டு, வேர்த்து ஒழுகி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. முதலில் பார்த்தவள் நால்வரில் ஒருத்தியான சர்மிளா. ஓடிப்போய்க் கழுத்துக் கயிற்றைப் பிடித்து எழுப்பி வெளியே நடத்திவிட்டாள். கண்டியிலிருந்து வரவேண்டிய மிருக டொக்டர் சீசன் நெரிசலில் மாட்டிப் பதினொரு மணிக்குத்தான் வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். "புரள விட்டா குடல் முறுக்கிக்கும். கொஞ்சம் நடத்துங்க, கொஞ்சம் நிறுத்துங்க. லத்தி போடுற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சர்மிளா விடவில்லை. தூறலில், தலையில் உரப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு, பகல் இரண்டு மணிவரை அந்த வேலிக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாலி இரண்டு தடவை முழங்காலை மடக்கியபோது அதன் கழுத்தைத் தோளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். இரண்டு மணிக்கு அது வாலைத் தூக்கியது. விழுந்த லத்தியைப் பார்த்து சர்மிளா ஓவென்று அழுதாள். அந்தப் பட்டியில் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சர்மிளாவின் மூன்று கொட்டிலையும் மற்றவர்கள் பங்கு போட்டு அள்ளினார்கள். மாலையில் நாகலெட்சுமி கொப்பியைத் திறந்தாள். சர்மிளா, கொட்டில் இல்லை. அரை. எழுதிவிட்டு, மூடிவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள். யோசித்து எழுதவில்லை. யோசிக்காமல் எழுதியதுதான் பின்னால் அவளைத் தின்றது.

மறுநாள் சம்பள நாள். காலையிலேயே சர்மிளா சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவள் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்குப் போகிறாள். மூன்று மாதக் காசு நிலுவை. திங்கட்கிழமை கட்டாவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். "இந்தக் கெழமச் சம்பளத்தோட எப்பிடியாவது கட்டிருவேங்க்கா. அரைப்பேரு விழாம இருந்தா சரி" என்றாள். நாகலெட்சுமிக்கு அப்போதுதான் நேற்று எழுதிய அரை ஞாபகம் வந்தது.

பத்து மணிக்குப் பிரியந்தி நோனா வந்தாள். டாலியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, நாகலெட்சுமியிடம் சிங்களத்தில் பேசினாள். நேற்று நடத்திய பெண் யார், அவளைப் பார்க்க வேண்டும் என்றாள். கஜேந்திரன் அனுப்பிய பில்லைப் போனில் காட்டினாள். விசேட பராமரிப்பு, எட்டு மணித்தியாலம், மணிக்கு இரண்டாயிரம்; மொத்தம் பதினாறாயிரம். "எல்லாம் அந்தப் பெண்ணுக்கே போகும் என்று கஜேந்திரன் சொன்னார். சந்தோஷமாகக் கொடுத்தேன்" என்றாள் நோனா.

நாகலெட்சுமி கொப்பியோடு நேரே ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"முதலாளி, நோனாகிட்டப் பதினாறாயிரம் வாங்கிருக்கீங்க. சர்மிளாவுக்கு அரைநாள்தான் போட்டிருக்கு."

கஜேந்திரன் கோபப்படவில்லை. அதுதான் அருவருப்பு. முன்னால் இருந்த பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நானா போட்டேன்? கொப்பி உங்ககிட்டதானேக்கா இருக்கு. எழுத்தும் உங்க எழுத்துதான். நான் ஒரு நாளாவது அரைப்பேரு போடுங்கன்னு சொல்லிருக்கேனா?"

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இருந்ததில்லை. நாகலெட்சுமிக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தக் கண்டாக்கை எத்தனை தடவை மண்ணை வாரித் தூற்றிச் சபித்திருப்பாள்! அவர் செய்ததையே அவள் காசு வாங்காமல், யாரும் கேட்காமல் செய்திருக்கிறாள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வாய்க்குள்ளேயே துப்பிக்கொண்டாள்.

வெளியே வந்து நோனாவின் முன்னால் கொப்பியை விரித்தாள். நோனாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று சர்மிளாவுக்குப் போட்டது பாதிச் சம்பளம்; நீங்கள் கொடுத்ததில் ஒரு சதம்கூட அவள் கைக்குப் போகவில்லை; பாதி என்று எழுதியது நான்தான். சிங்களத்தில் அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

நோனா கஜேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் பல்லெல்லாம் தெரிய வந்தான். "ஐயோ மேடம், இன்னைக்குக் கொடுக்கத்தான் எடுத்து வச்சிருந்தேன்" என்று சிங்களத்தில் குழைந்தபடி, பையிலிருந்து ஐயாயிரத்தில் மூன்றும் ஆயிரத்தில் ஒன்றும் உருவினான். சர்மிளாவைக் கூப்பிட்டு, நோனா பார்க்கிற மாதிரி இரண்டு கைகளாலும் கொடுத்தான்.

சர்மிளா விரித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது எதுக்குங்க?"

"நேத்து டாலிய நடத்துனதுக்கு. எட்டு மணித்தியாலத்துக்கு."

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். பிறகு இரண்டு ஐயாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி ஆறாயிரத்தை அவனிடமே நீட்டினாள்.

"பாதிதானுங்க எனக்கு வரும். நேத்து நான் கொட்டில் அள்ளலங்க. அக்கா அரைப்பேருதான் போட்டிருப்பாங்க, அதுதான் சரி. சில்லற இல்ல, மேல உள்ள ரெண்டாயிரத்த வர்ற கெழமையில கழிச்சுக்கங்க."

அவள் குரலில் குத்தலும் இல்லை, வருத்தமும் இல்லை. பேச்சுப் புரியாவிட்டாலும் பணத்தைத் திருப்பி நீட்டியதைப் பார்த்து நோனா உருகிப்போய், எவ்வளவு நேர்மையான பெண் என்று நெஞ்சில் கை வைத்தாள். கஜேந்திரன், வெட்கம் கெட்டவன், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆறாயிரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

நாகலெட்சுமி எந்த முதலாளிக்கும் துரைக்கும் முன்னால் இரண்டு அடி தள்ளியே நின்று பழகியவள். இப்போது அந்த இரண்டு அடியையும் நடந்தாள். அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்த வெள்ளைச் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஆறாயிரத்தையும் வெளியே இழுத்தாள். சந்தனமும் வேர்வையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அவன் "ஏய்!" என்றான். வாயிலிருந்த ‘அக்கா’ போய்விட்டது.

அவள் சர்மிளாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பணத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"திருப்பிக் கொடுத்தேன்னா கன்னத்துல அறைஞ்சிருவேன்டி" என்றாள். "அரைப்பேரு போட்டது நான். அது தப்பு."

சர்மிளா அவளைத்தான் பயத்தோடு பார்த்தாள், பிறகு கஜேந்திரனைப் பார்த்து, "எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.