உள்பக்கம் திருப்பிய சட்டை

வலது தோள்பட்டை விடியும்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. பதினெட்டு வருஷமாக மாவு மூட்டை சுமக்கிற தோள் அது. முதல் பத்து மூட்டை வரைக்கும் முரண்டு பிடிக்கும், அப்புறம் மரத்துப்போகும். அன்றைக்கு முப்பது மூட்டை ஏற்றியும் மரத்துப்போகவில்லை. லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் போட்ட பலகையில் நடக்கும்போது, கூட வேலை செய்கிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் மேஸ்திரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள் ஆகியிருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் நெட்டை என்று ஒருவன். போன புதன்கிழமை வேலை முடிந்ததும் மூட்டை இழுக்கிற கொக்கியோடு நேராக நாற்சந்திக்குப் போயிருக்கிறான். அங்கே சாவிக் கட்சியின் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரைக் குத்தினான். நாற்காலி துடைக்கத் தினக்கூலிக்கு வந்த ஒரு பெண்ணைக் கொன்றான். கூட்டம் அவனை அடித்த அடியில் அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்க ஆள் இல்லை. அதனால் எல்லாரும் அதை அவன் சட்டையிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

சட்டை குடைக் கட்சி கொடுத்தது. முதுகில் பெரிய குடைப் படம். ஆனால் அவன் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தான். அவ்வளவுதான், டிவிக்குத் தீனி கிடைத்துவிட்டது. சாவிக் கட்சியின் சேனல், கொலை செய்யக் குடைக் கட்சியே ஆள் அனுப்பியது, சின்னத்தை மறைத்து அனுப்பியது என்றது. குடைக் கட்சியின் சேனல், அனுதாப ஓட்டுக்காகச் சாவிக்காரர்கள் தங்கள் ஆளுக்கே எங்கள் சட்டையை மாட்டி நாடகம் ஆடுகிறார்கள் என்றது. இரண்டு கட்சித் தலைவர்களும் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு ஒரே நாளில் வந்தார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு சேனலில் அவள் தியாகி, இன்னொன்றில் அப்பாவிப் பலி. நாற்காலி துடைக்க வந்தவள் என்பதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சட்டையின் கழுத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றி வட்டம் போட்டு, ரகசியக் குறியீடு என்று எழுதியிருந்தார்கள். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், இது பயிற்சி பெற்ற குழுக்களின் வழக்கம் என்று விளக்கினார். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் என் மனைவியும் தட்டில் கையை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் எழுந்து டிவியை அணைத்தாள்.

"துணி மாறிடக் கூடாதுன்னு நான் போட்ட தையல். அதுக்கு நாலு பெரிய மனுஷன் அடிச்சுக்கறான்" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

சட்டை என்னுடையது. புதன்கிழமை மத்தியானம் நெட்டையின் சட்டை தோளில் கிழிந்துபோனது. ஆணியில் தொங்கின என் சட்டையை எடுத்து அவன்மேல் எறிந்தேன். நாங்கள் எந்தக் கட்சி கொடுத்தாலும் வாங்குவோம். மேஸ்திரி இரண்டு கட்சி ஆபீஸிலும் போய்ப் பல்லைக் காட்டிக் கட்டுக் கட்டாக வாங்கிவருவார். ஓசிச் சட்டை, இரண்டு மாதம் வரும். திருப்பிப் போடுவதற்குக் காரணம் ரகசியம் இல்லை. முதுகில் இருக்கிற அச்சு ரப்பர் மாதிரி. வேர்வை பட்டால் வழுக்கும், மூட்டை சரியும். பலகையில் மூட்டை சரிந்தால் கால் போகும். திருப்பிப் போட்டால் அச்சு முதுகில் ஒட்டி அரிக்கும். அரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கட்டுகளை வாங்கினவர் என்பதற்காகத்தான் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சதிக்குச் சீருடை கொடுத்தவர் என்று அவர் படத்தையும் டிவியில் போட்டுவிட்டார்கள். கிடங்கு வாசலில் மைக்கோடு வந்த ஒரு பெண்ணிடம் நான் திருப்பிப் போடுகிற காரணத்தைச் சொன்னேன். சாயந்திரம் நான் பேசினது வந்தது. "நாங்க எல்லாருமே இப்படித்தான் போடுவோம்" என்ற இடம் மட்டும் வந்தது. சட்டை என்னுடையது என்பதை அவளிடமும் நான் சொல்லவில்லை. பயம்தான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது.

தோள் மரத்துப்போகாத அந்த நாள் மத்தியானம் மேஸ்திரி பெண்சாதி கிடங்குக்கு வந்தார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று நான் மூட்டையை இறக்கிவிட்டு வரும்வரை காத்திருந்தார். வீட்டுச் சுவரில் யாரோ கரி பூசிவிட்டுப் போனதைச் சொன்னார். மேஸ்திரிக்குச் சர்க்கரை மாத்திரை உள்ளே போகிறதா என்று தெரியவில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, அந்தத் தையல் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். உன் பொண்டாட்டி எங்க வீட்டுல உக்காந்துதான் போட்டா. நான் போய்ச் சொல்ல மாட்டேன். என் வாயால உன்னை உள்ள அனுப்ப மாட்டேன்."

அவர் போன பிறகு குழாயில் முகத்தைக் கழுவினேன். மாவு பசையாகி இமையில் ஒட்டிக்கொண்டது. ஆணியில் கிடந்த இன்னொரு சட்டையை, சாவிக் கட்சி கொடுத்ததை, உருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். மேஜையில் நரைத்த மீசையோடு ஒரு ஏட்டு இருந்தார். சட்டை என்னுடையது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிவியில் வரணும்னு ஆசையா என்று கேட்டார். கொண்டுபோன சட்டையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். இந்தச் சட்டையிலும் அதே சிவப்புப் பெருக்கல். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஏன் திருப்பிப் போடுகிறோம் என்று சொல்லத் தொடங்கினேன். வாயால் சொல்லி அவருக்கு ஏறவில்லை. முற்றத்தில் தீயணைக்க வைத்திருந்த மணல் மூட்டைகளைக் காட்டி, ஒன்றைத் தூக்கிக் காட்டவா என்று கேட்டேன்.

சாவி வெளியே தெரிய முதலில் போட்டேன். முதுகைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டேன். இளசான போலீஸ்காரன் ஒருவன் மூட்டையை ஏற்றிவிட்டான். ஆறு அடி வைப்பதற்குள் மூட்டை சரிந்து ஏட்டின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்து வாய் பிளந்தது. அவர் துள்ளி விலகினார், போலீஸ்காரன் சிரித்துவிட்டான். பிறகு திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னொரு மூட்டையோடு முற்றத்தை இரண்டு சுற்று வந்தேன். தோள் உயிர்போகிற மாதிரி வலித்தது. இறக்கவே மனம் இல்லை.

"என் மச்சினன் மூட்டை தூக்கறவன்தான்" என்றார் ஏட்டு. "அவனும் இப்படித்தான் போடுவான். விவரம் கெட்டவன்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன்."

உட்காரச் சொல்லி எழுதிக்கொண்டார். சட்டை யாருடையது, எப்போது கொடுத்தாய், எதற்காக. நெட்டை எந்தக் கட்சி என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை, கிடைத்த சட்டை என்றேன். அதையும் அப்படியே எழுதினார். மேஸ்திரி விஷயம் மேலிடத்தில் கேட்க வேண்டும், இந்த எழுத்து இருந்தால் கேட்க முடியும் என்றார். நானும் கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கூடாது.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

கையெழுத்துப் போட எடுத்த பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் நெட்டை பத்து நாளாகத் தூங்கவில்லை என்றேன். மூட்டைக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று சொன்னான். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட வாண்ணே என்று என்னிடம் கேட்டான். திங்கட்கிழமை போகலாம்டா என்றேன். திங்கட்கிழமை இரண்டு லாரி சேர்ந்து வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் மறந்தே போனேன். அவன் மறுபடி கேட்கவில்லை. அதனால்தான் செய்தானா என்று எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது தெரியும்.

ஏட்டு முழுக்கக் கேட்டார். எழுதவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

"இது இதுல வராதுப்பா. இத யாரும் கேக்கவே இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தேன். உடைந்த மூட்டை அப்படியே கிடந்தது. யாரும் சொல்லவில்லை, நானாகவே குந்தி மணலை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போடத் தொடங்கினேன். அள்ள அள்ள விரல் இடுக்கில் ஒழுகியது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. குடைக்காரர் சாவிக்காரரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார், சாவிக்காரர் குடைக்காரரை. நெட்டைக்கு நான் ஒரு திங்கட்கிழமை தர வேண்டும். நாற்காலி துடைக்க வந்தவளின் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே திங்கட்கிழமையைத் தர வேண்டும்.