மொட்டைமாடியைக் கடந்த நிழல்

அந்தப் புடவை சிவப்பு என்றுதான் எனக்கு ஞாபகம். வீட்டுக்காரர் மகன் தீனா மஞ்சள் என்கிறான். அவன் மனைவி ஓவியாவோ, விரித்தது புடவையே இல்லை, ஜமக்காளம் என்கிறாள். நடந்ததை நான் சரியாக வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம்தான். இறங்குகிற விமானத்தின் ஜன்னலில் ஒரு முகத்தைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்ததாகவே மனம் சொல்கிறது. அப்படிப்பட்ட மனதை எவ்வளவு தூரம் நம்புவது?

பொழிச்சலூரில் தசரதன் வீட்டு மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை தொடங்குகிறது. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் எல்லா விமானமும் எங்கள் தெருவை ஒட்டித்தான் இறங்கும். அப்போது தெருவில் பேச்சு நின்றுவிடும். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடியே காத்திருந்து, சத்தம் தேய்ந்ததும் அடுத்த சொல்லிலிருந்து தொடர்வார்கள். சண்டையும் அப்படித்தான். ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும். வாடகை குறைவு என்று இங்கே வந்தேன். இந்த மௌனங்களுக்காகத் தங்கிவிட்டேன்.

தை மாதத்தில் இன்னொன்றும் உண்டு. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், மதியத்தில் இறங்கும் விமானத்தின் நிழல் எங்கள் மொட்டைமாடியைத் தொட்டுவிட்டுப் போகும். கண் இமைப்பது போல ஓர் இருட்டு, ஒரு குளிர்ச்சி. புத்தகத்தின் பக்கம் கறுத்து வெளுக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் நான் அண்ணாந்துவிடுவேன்.

மதியம் முதலில் வருவது மதுரையிலிருந்து வரும் ஹிந்த் ஏர்வேஸ், அரசாங்க விமானம். வாலில் வெள்ளைக் கொக்கு வரைந்திருக்கும். தெருவில் அதற்குப் பெயரே கொக்குதான். தசரதன் அதில் லோடராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் தெருவில் பாதிப் பேர் அதில் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்களாம். துபாய்க்குப் போகிறவர்கூட வேறு விமானத்தில் ஏறமாட்டார். "நம்ம பெட்டிய நம்ம தசரதன் அண்ணன் ஏத்துவாரு" என்பது அவர்களுக்குத் தைரியம்.

பிறகு கொக்கு தாமதமாக வரத் தொடங்கியது. சாய்த்தால் நிமிராத இருக்கை, நிமிர்த்தினால் சாயாத இருக்கை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருவராக வேறு விமானத்துக்கு மாறினார்கள். ஆனால் அதை தசரதனிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, பெட்டியின் கைப்பிடியில் ஒட்டியிருக்கும், விமானத்தின் பெயர் போட்ட சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் தினமும் அந்தச் சீட்டுகளைப் பெருக்கித் தள்ளுவார். ஆயுள் முழுக்கப் பெட்டியின் சீட்டைப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்கு, சீட்டு இல்லாத பெட்டி எதைச் சொல்கிறது என்று தெரியாதா? தெரிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில், மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த தசரதனின் மனைவி பச்சையம்மா மேல் கொக்கின் நிழல் ஓடியிருக்கிறது. "மேல கீறவங்களுக்கு நம்ம வூடு தெரியுமாயா?" என்று கேட்டிருக்கிறார். "கூட்டிகினு போயி காட்றேன்" என்று தசரதன் சொல்லியிருக்கிறார். ஊழியர் பாஸில் போகலாம். ஆனால் கடைசியில் இடம் மிஞ்சினால்தான். பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, விமான நிலையம்வரை போய், இடம் இல்லை என்று பஸ்ஸில் திரும்பியது பல தடவை. பிறகு பச்சையம்மா கேட்பதை விட்டுவிட்டார்.

போன தைக்குச் சற்று முன் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தது. போன பார்வை வராது, இருக்கிறதை ஆபரேஷனில் தக்கவைக்கப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் பல்லாவரத்து டாக்டர். அன்று சாயங்காலம் பச்சையம்மா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

"வூட்ட மேலருந்து பாக்கணும்னா இப்பவே பாத்துடணும்யா. அப்பால நீ காட்னாலும் எனக்குத் தெரியாது."

தசரதன் மறுநாளே டிக்கெட் எடுத்தார். மதுரையில் இருக்கும் மகள் அனுப்பிரியா வீட்டுக்கு ரயிலில் போவது, கொக்கில் திரும்புவது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால். இடது பக்க ஜன்னல்.

"பாஸ் இல்லயா நைனா?" என்றான் தீனா.

"பாஸ் இன்னாத்துக்கு? இந்த தபா காசு குட்த்து, கஸ்டமரா போறேன்."

"அதுக்கு நல்ல பிளேனா பாத்துப் போயேன். உன் கொக்கு எப்பவும் ஒத்தக் கால்லதான் நின்னுகினு கீது. எப்ப பறக்கும்னு அதுக்கே தெரியாது."

"டேய், உன்னப் படிக்க வெச்சது அந்தக் கொக்குடா."

"அதான் பெயிலாயிட்டேன்."

ஓவியா சிரிப்பை அடக்க உள்ளே போனாள். தசரதனுக்கும் மீசை துடித்தது.

வீட்டை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அடுத்த கேள்வி. மேலிருந்து எல்லா மாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறமான ஒரு புடவையை விரித்துப் பிடிப்பது என்று முடிவானது. இதில் நானும் சேர்ந்துகொண்டேன். "சார் உயரமா கீறாரு, ஒரு முனை அவருக்கு" என்றார் பச்சையம்மா. புறப்படும்போது மாடியைப் பார்த்து, "அசையாம புடிங்க. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார்.

அன்று காலையிலிருந்தே கிழக்குக் காற்று சீராக வீசியது. விமானங்கள் எங்கள் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தன. தீனா, ஓவியா, நான் மாடியில் நின்றோம். செய்தி பரவி, பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். சீட்டைக் கிழித்துவிட்டு வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

தீனாவின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"டேய், வண்டி லேட்டுடா" என்றார் தசரதன். பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்புக் குரல்.

"எவ்ளோ?"

"ஆறு மணிக்கு மேலதான் கெளம்புமாம்."

ஆறு மணி என்றால் இங்கே இறங்கும்போது இருட்டிவிடும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பகல் வெளிச்சத்திலேயே தடுமாறும் கண்.

"வேற பிளேன் இல்லயா நைனா?"

பிறகு தூரத்தில் பச்சையம்மாவின் குரல். "வுடுயா. பரவால்ல. உன் கம்பெனிலயே போலாம். லைட்டாவது தெரியும்ல."

எங்கள் தலைக்கு மேல் ஏதோ ஒரு விமானம் இறங்கியது. தெரு முழுக்க பேச்சு நின்றது. அது போன பிறகும் போனில் மௌனம் நீடித்தது. என் வாழ்வில் எத்தனையோ மௌனங்களை ரசித்திருக்கிறேன். அது மட்டும் தாங்கக் கூடியதாக இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் முதுகில் சுமந்த ஒன்றைக் கீழே வைக்கலாமா என்று ஒரு மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார்.

போன் துண்டித்தது.

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. குரல் மாறியிருந்தது. படிக்கட்டு ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கியது.

"கொக்கப் பாக்காதடா. வால் பச்சையா ஒண்ணு வரும், அதப் பாரு. உங்கம்மா அதுல வரா."

"நீ?"

"நானுந்தான். எனக்குக் கடைசில, நடு சீட்டு. எடது பக்கம் ஜன்னல் ஒண்ணுதான் மிச்சம் இருந்துது, அது அவளுக்கு."

தீனா என்னைப் பார்த்தான். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், "சரி நைனா" என்று மட்டும் சொன்னான்.

வெயில் இன்னும் சாய்ந்துவிடவில்லை. பெரிய நேர வித்தியாசம் இல்லாமல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். புடவையை விரித்தோம். இரண்டு முனை என்னிடமும் தீனாவிடமும், மற்ற இரண்டு ஓவியாவிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும். காற்று அதைக் கப்பல் பாயாகத் தூக்கியது. ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் வந்தன. நீல வால், வெள்ளை வால். கை வலித்தது. யாரும் இறக்கவில்லை.

"தோ, இதான் பச்சயா இருக்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி. அது நகரவே இல்லை, அந்த இடத்திலேயே நின்று பெரிதானது. தினமும் பார்க்கிற காட்சிதான். இருந்தாலும், அத்தனை எடையுள்ள ஒன்று காற்றின் மேல் இறங்கி வருவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. அதற்குள் நமக்குத் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்து, நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி, நம்மைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது என் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பச்சை வால் தெரிந்தது. சக்கரங்கள் தெரிந்தன. அடிவயிற்றின் கோடுகள் தெரிந்தன. சத்தம் மார்புக்குள் இறங்கியது. தெருவின் எல்லா மாடிகளிலும் மனிதர்கள் அண்ணாந்து நின்றார்கள்.

அப்போது நிழல் வந்தது. கடைசி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஏறி, கைப்பிடிச் சுவரில் வளைந்து, எங்கள் புடவையின் மேல் பாய்ந்தது. நிறம் அணைந்தது. எரிந்தது. போய்விட்டது.

அந்தக் கணத்தில்தான் ஜன்னலில் முகத்தைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். தீனா அதை ஒப்புக்கொள்வதில்லை. "சார், நீங்க புக்கு ஜாஸ்தி படிக்கிறீங்க" என்பான்.

விமானம் போன சற்று நேரத்தில், அதன் பின்னால் எப்போதும் வருகிற சுழல்காற்று இறங்கி, எங்கள் கைகளிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஆற்றோரத்து நாணலில் எங்கோ விழுந்தது. அதனால்தான் நிறத்தைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே ஆட்டோ வந்தது. அது தெருமுனையில் நிற்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தது. தசரதன் இறங்கினார். பெட்டியைத் தூக்கினார். கைப்பிடியில் அந்தப் பச்சைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது, காற்றில் படபடத்தது. வாசலில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்படி அதை வராந்தாவில் வைத்தார். தலைக்கு மேல் விமானம் எதுவும் இல்லாதபோது அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா எல்லாம் பாக்கறீங்க?" என்றார் தசரதன். "கரெக்ட் டைமுக்கு வந்தான். சீட்டும் சாயுது."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தீனா மட்டும் சிரிக்கவில்லை. போய் அப்பாவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

பச்சையம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரிஞ்சுதாம்மா வூடு?" என்று தீனாதான் கேட்டான்.

"மொதல்ல வூடு தெரில. நெழலுதான் தெரிஞ்சுது. குருவியாட்டம், சின்னதா, கூடவே ஓடியாந்துச்சு. ஏரி மேல ஓடிச்சு, நனையல. ரோட்டு மேல ஓடிச்சு, பஸ்ஸு மேல ஏறி எறங்கிச்சு. பெருசாயிகினே வந்துச்சு. அப்பால ஒரு மாடில துணி. நெழலு அது மேல ஏறவும் அணைஞ்சு எரிஞ்சுச்சு பாரு, அப்ப தெரிஞ்சுது." நிறுத்தினார். "இத்துனூண்டு கீது நம்ம வூடு. தீப்பெட்டி. அதுக்குள்ளயாடா அத்தினி சண்ட போட்டோம்?"

காபியை ஒரு வாய் குடித்தார்.

"இவ்ளோ வருசமா அது என் மேல போவுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றார் பிறகு, என்னைப் பார்த்து. "மேலருந்து பாத்தா, நாமதான் சார் அதுக்குள்ள பூந்து பூந்து வெளிய வரோம்."

தசரதன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் நடு இருக்கையில் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்கவில்லை. "அப்பறம்?" என்றார். பச்சையம்மா அவருக்காக மறுபடியும் ஏரியிலிருந்து ஆரம்பித்தார்.

ஆபரேஷன் நடந்தது. பச்சையம்மாவுக்கு வலது கண்ணில் பார்வை தங்கியது, இடது கண்ணில் போய்விட்டது. ஹிந்த் ஏர்வேஸ் மதுரை மதிய விமானத்தை நிறுத்திவிட்டது. அந்த நேரத்தில் இப்போது பச்சை வால்தான் வருகிறது. தீனாவும் ஓவியாவும் ஒரகடத்து வேலைக்கு வசதியாகப் படப்பையில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அனுப்பிரியா மதுரையில் இருக்கிறாள். தெருமுனையில் இப்போது யாரும் சீட்டைக் கிழிப்பதில்லை. தசரதன் எந்த விமானம் வந்தாலும் அண்ணாந்து பார்க்கிறார். நான் அதே மாடி அறையில் இருக்கிறேன்.