வீட்டுக்குள் செருப்பு போடுவீர்களா?

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. மிக்ஸி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் ட்ரெட்மில் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனையாளர் அவரிடம், "வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா?" என்று கேட்டார். வந்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார். விற்பனையாளர் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

வியாபாரம் கெட்டதில் ஒரு நிம்மதியா? அதைத்தான் பிடித்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'முன்பெல்லாம் பெண்கள் கையால் துவைத்தார்கள், உடம்பும் சிக்கென்று இருந்தது, ஆனால் இன்றோ...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிற மகராசன்கள் நனைந்த கம்பளியை ஒருநாளாவது பிழிந்து பார்க்கட்டும்.)

மறுபடியும் தொடங்குகிறேன். விற்பனையாளர் தன் மனைவியைக் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். தண்ணீர் சுமந்து, துவைத்து, அரைத்து, ராத்திரி முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் கடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வாஷிங் மெஷின் முதன்முதலாகச் சுற்றியபோது அவள் அதன் எதிரே கைகட்டி உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, அதற்குள் எப்போதும் இனிப்புக் குளிர்பான பாட்டில்கள். பெரிய டிவி வந்தது. தெருமுனைக்குப் போகவும் ஸ்கூட்டர் வந்தது. உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது, பாதம் மரத்துப்போனது. காத்தாடி என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்.

3

டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? தெருவில் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சாண் இடம். ஒருநாள் போனாள். "பாத்துங்க, ரோடு தாங்காது" என்றான் கடை வாசலில் நின்ற ஒருவன். அதோடு சரி.

ஆகவே ட்ரெட்மில். பாவம், அவருக்கு வேறென்ன தெரியும்? ஷூ போட்டுத்தான் ஏற வேண்டும் என்று கடையில் தினமும் ஒப்பிக்கிற வாய் அவருடையது. வீட்டிலோ செருப்பு வாசற்படியைத் தாண்டாது. அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. டிவியைப் பார்த்தபடி வெறுங்காலில் நடந்தாள். பெல்ட் சுட்டது. சுட்டது தெரிகிற கால் இல்லையே அது.

(அன்றைக்கே அவர் குனிந்து அவள் பாதத்தை ஒரு தடவை... வேண்டாம். பார்க்கவில்லை.)

"இன்னைக்கு நல்லா நடந்தேங்க" என்றாள்.

"அடி என் காத்தாடி" என்றார்.

எத்தனை காலத்துக்குப் பிறகு! மறுநாள் இன்னும் அதிகமாக நடந்தாள். அதற்கும் மறுநாள், தரையில் என்ன சிந்திக் கிடக்கிறது என்று துடைத்தபோதுதான் துணி சிவந்தது. அதற்குள் புண் உள்ளே இறங்கியிருந்தது.

4

கணுக்கால் வரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு முடிவு எழுதினேன். அவர் சொல்கிறார், அவள் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டுகிறாள். கிழித்துப் போட்டேன். அவள் அவரைத் திட்டுகிற ஆளில்லை, அதுதானே அவருக்கு வேதனை. இன்னொன்றில் புண் ஆறி, இருவரும் கைகோத்துத் தெருவில் நடக்கிறார்கள். அதை நானே நம்பவில்லை.

இப்போது அவர் வார்டு வாசலில் நிற்கிறார். கடைக்குப் புதிதாக வந்த பேட்டரி சக்கர நாற்காலி ஞாபகத்துக்கு வருகிறது. சீ என்று தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறார்.

உள்ளேயிருந்து அவள் குரல்: "ஏங்க, கட்டு மாத்தினதும் கெளம்பிடலாம்ல? நாலு நாள் விட்டா நடை மறந்துபோயிடும்."

அவர் நகரவில்லை. எனக்கும் பேனா ஓடவில்லை. என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.