பருத்தி மருந்தை விசாரிக்க வந்த டாக்டரம்மா

அந்தோணியார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு டாக்டரம்மா எங்கள் கோயில் வாசலுக்கு வந்தார். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தால் பெண்களுக்கு மார்பில் புற்றுநோய் வருகிறதா என்று ஆராய்ச்சியாம்.

"யாருக்காவது மார்புல கட்டி கிட்டி இருக்காம்மா?" என்று அவர் கேட்டதும், கூச்சத்தில் சேவல்கூடத் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. ஆண்கள் தரையைப் பார்த்த பார்வையில் அங்கே ஒரு கிணறே விழுந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

மருந்து டின்னைக் கழுவி அதிலேயே பயறு கொட்டி வைக்கிற பெண்கள் அத்தனை பேரும், "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார்கள்.

அப்போது என் மதினி சவேரியம்மாள் எழுந்து நின்றார். "எனக்கு இருக்கு. பொங்கலப்போ சுண்டக்கா, இப்ப நெல்லிக்கா."

அண்ணன் பல்லைக் கடித்தார். "உக்காருடி, மானம் போகுது."

"உசுரு போனா, ஒங்க மானமா வந்து கஞ்சி காச்சும்?"

ஊரே வெட்கித் தலைகுனிந்தது. டாக்டரம்மா அப்போதே மதினியை ஜீப்பில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய்க் குணப்படுத்தினார்.

அன்றைக்கு மதினி எழுந்திருக்கவே இல்லை. அவருக்குக் கட்டி இருந்ததே, மறுவருஷம் அவர் உடம்பைக் குளிப்பாட்டிக் கிடத்திய பெண்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.